காந்தக்கார மேஸ்திரி

பொம்மையார்பாளையத்தில் கடலைப் பார்த்து வீடு கட்டுகிறவர்களுக்கு, வீடு முடிந்ததும் இன்னோர் ஆசை வரும். வாசலுக்கும் மணலுக்கும் நடுவே மரத்தில் ஒரு தளம் வேண்டும். சாயங்காலம் அதில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அலையைப் பார்க்க வேண்டும். அதை டெக் என்பார்கள். டெக் என்றால் மாசிலாமணி. இருபத்தைந்து வருஷமாக அந்தக் கரையில் அப்படித்தான் பேச்சு.

மொத்தம் முப்பத்தெட்டு டெக் போட்டவர் அவர். இன்ஜினியர் படிப்புப் படித்தவர்கள் போட்டதெல்லாம் மூன்றாவது மழைக்குப் பல்லை இளித்தபோது, அஞ்சாம் வகுப்பைக்கூட முழுசாகப் பார்க்காத மாசிலாமணி போட்டது நின்றது. இதை அவரே சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார். சொன்னால் என்ன? பொய்யா சொன்னார்?

பிறந்தது வளவனூருக்குப் பக்கத்தில். அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வீட்டில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது இரண்டு கத்தி மட்டும். பதினான்கு வயதில் சைக்கிள் கேரியரில் தொற்றிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய், சென்ட்ரிங் வேலையில் பலகை தூக்கினார். தூக்கினவர் தூக்கினதோடு நிற்கவில்லை. ஆசாரி மரத்தை எப்படித் தட்டிப் பார்க்கிறான், எந்தப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டுகிறான், எதைத் தள்ளி வைக்கிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்தே கற்றார். குரு என்று காலில் விழுந்தது யாரிடமும் இல்லை. கண்தான் குரு என்பார்.

அவருடைய டெக்குக்குச் சில சட்டங்கள் உண்டு. கால் மரம் மண்ணைத் தொடவே கூடாது. செஞ்சிப் பக்கத்துக் கருங்கல்லை நட்டு, அதன் தலையில்தான் மரம் உட்கார வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பழைய கனத்த ஐந்து ரூபாய்க் காசு நுழைகிற அளவுக்குச் சந்து. அதற்குக் குறைந்தால் தண்ணீர் தங்கும், கூடினால் வீட்டுப் பெண்களின் செருப்பு மாட்டும். அடிப்பக்கத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் இரண்டு பூச்சு. கையெல்லாம் வெந்து தோல் உரியும், ஆனால் கரையான் எட்டிப் பார்க்காது. இவ்வளவும் அவர் தானே கண்டுபிடித்தது. புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ அவருக்குத் தெரியாது.

காந்தம் வந்தது 2011இல் அடித்த தானே புயலுக்குப் பிறகு. அந்தப் புயலில் மரம் தாங்கியது, இரும்பு தாங்கவில்லை. உப்பு தின்ற போல்ட்டுகள் பிஸ்கட்டைப் போல உடைந்து, மூன்று டெக் மணலில் படுத்துவிட்டன. இனிமேல் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்தான் என்று மாசிலாமணி முடிவு செய்தார். கடைக்காரன் ஏமாற்றினால்? பாண்டிச்சேரியில் ஒரு கடையில் வேலை செய்தவன் வித்தை காட்டினான். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் ஸ்டீல். அவ்வளவுதான்.

அன்றைக்கே ஒரு பழைய ஸ்பீக்கரை உடைத்து, அதிலிருந்த வட்டக் காந்தத்தை எடுத்து, நைலான் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கடைக்குப் போனால் பில்லைப் பார்க்க மாட்டார், பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்க்க மாட்டார். ஒரு கைப்பிடி போல்ட்டை அள்ளி மேசையில் கொட்டி, காந்தத்தை அதன் மேல் ஓட்டுவார். கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவரைப் பார்த்து மற்ற மேஸ்திரிகளும் சாவிக்கொத்தில் காந்தம் மாட்டினார்கள். அவருக்குக் காந்தக்கார மேஸ்திரி என்று பெயரே விழுந்தது. அப்பன் வைத்த பெயரைவிட அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அது அவர் சம்பாதித்தது.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தான். பிரான்சிஸ். மாசிலாமணியின் மனைவி லூர்துமேரிக்குக் கூடப்பிறந்த தம்பி. எட்டாவது பாஸ். பத்தொன்பது வயதில் மாமாவோடு வேலைக்கு வந்தவன், பதினாறு வருஷம் கூடவே இருந்தான்.

டெக் வேலையில் போல்ட் முறுக்க இரண்டு பேர் வேண்டும். கால் மரத்தையும் உத்தரத்தையும் துளைத்துக்கொண்டு போல்ட் போகும். இந்தப் பக்கம் ஒருவர் அதன் தலையை ஸ்பானரால் அசையாமல் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் இன்னொருவர் நட்டை முறுக்க வேண்டும். நடுவில் மரம், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பிடிக்கிறவர் மாசிலாமணி, முறுக்குகிறவன் பிரான்சிஸ். மற்றவர்கள் "பிடி, பிடி, விடு" என்று கத்திக்கொண்டே வேலை செய்வார்கள். இவர்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து மதியம் வரை பேசவே வேண்டியதில்லை. நட்டு எவ்வளவு இறுகுகிறது என்பது மரத்தின் வழியாக மாசிலாமணியின் உள்ளங்கைக்கு வரும். போதும் என்று அவர் நினைக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் கை நிற்கும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் மாமனுக்கும் மச்சானுக்கும் ஒத்துவரவில்லை. 2015இல் நெடுஞ்செழியன் என்கிற ரிட்டயர்டு அதிகாரி வீட்டுக்கு டெக் போட்டார்கள். வீட்டின் முன்னால் மணல் சரிந்து இறங்குவதால், ஓர் ஆள் உயரத்துக்குக் கால் கொடுத்துத் தூக்கிய டெக். போல்ட் வாங்கும்போது பிரான்சிஸ் ஒரு போல்ட்டின் தலையைத் திருப்பிக் காட்டி, கடல் பக்கத்துக்குப் போடுகிற ஸ்டீல் என்றால் இந்த இடத்தில் ஏ நாலு என்று பொறித்திருக்குமாம் மாமா, இதில் ஒன்றுமே இல்லையே என்று கேட்டான். எங்கேயோ ஒரு கட்டடத்தில் வேலை செய்த வெளிநாட்டு இன்ஜினியர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். பொறித்தது இரண்டரை மடங்கு விலை. கடையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாசிலாமணி காந்தத்தை எடுத்து அந்தப் போல்ட்டின் மேல் வைத்துத் தூக்கினார். போல்ட் மேசையிலேயே கிடந்தது.

"பாத்தியா? எழுத்து எவன் வேணா எழுதலாம் மச்சான். காந்தம் யாருக்கும் கூலிக்கு வேல செய்யாது."

கடை முழுக்கச் சிரித்தது. பிரான்சிஸும் சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

இரண்டரை வருஷம் கழித்து, காணும் பொங்கல் அன்று, அந்த டெக்கில் நெடுஞ்செழியனின் குடும்பம் போட்டோ எடுக்க வரிசையாக நின்றது. பதினான்கு பேர். கடல் பக்கத்து உத்தரம் கால் மரத்தை விட்டு இறங்கியது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. நெடுஞ்செழியனின் மாமியாருக்கு இடுப்பெலும்பு போய்விட்டது.

மாசிலாமணியும் பிரான்சிஸும் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அக்கம்பக்கத்தவர்கள் கூடியிருந்தார்கள். மேஸ்திரிகள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், வராமல் இருப்பார்களா, காந்தக்காரர் போட்ட டெக் விழுந்திருக்கிறதே. மாசிலாமணி மணலில் குனிந்து உடைந்த போல்ட் ஒன்றைப் பொறுக்கினார். தலை தனியாக, தண்டு தனியாக. தேய்க்காத செம்பைப் போல ஒரு பழுப்பு. இடுப்பிலிருந்து காந்தத்தை அவிழ்த்து எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி அதன் மேல் வைத்தார்.

ஒட்டவில்லை.

ஒட்டியிருந்தால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். ஒட்டாததால் ஸ்டீல் நல்ல ஸ்டீல் என்றாகிவிட்டது. மரம் நல்ல மரம், அதைப் பார்க்கிறவர்களுக்கே தெரிந்தது. அப்படியானால் மிச்சம் இருப்பது கை. பதினாறு பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணி திரும்பி மச்சானைப் பார்த்துச் சொன்னார்.

"முறுக்கத் தெரியாம முறுக்கி போல்ட்டு உயிர எடுத்துட்டியேடா. அளவுக்கு மேல இறுக்கினா எந்தப் போல்ட்டு தாங்கும்?"

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்பது போலப் பிரான்சிஸ் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"எதிர்ப் பக்கம் தலையப் பிடிச்சிக்கினு இருந்தது நீங்கதான மாமா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாசிலாமணி நிறுத்தவில்லை. பிடித்தவன் மேல் பழியா, சோறு போட்ட கையையே கடிக்கிறாயா, பதினாறு வருஷம் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கத்தத் தொடங்கினார். கத்தக் கத்த அது உண்மை மாதிரியே அவருக்குக் கேட்டது. பிரான்சிஸ் கையிலிருந்த ஸ்பானரைக் கருங்கல்லின் மேல் சத்தம் வராமல் வைத்துவிட்டுச் சாலைக்கு நடந்தான்.

அன்றிரவு லூர்துமேரி ஒரே ஒரு தடவை, என் தம்பி கை எனக்குத் தெரியும் என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

முறுக்கி உடைத்தவன் என்ற பேச்சு காற்றைப் போல் பரவியது. அந்தக் கரையில் எந்த மேஸ்திரியும் பிரான்சிஸைக் கூப்பிடவில்லை. அவன் பெண்டாட்டி பிள்ளையோடு திண்டிவனம் போய் ஒரு பந்தல் கம்பெனியில் சேர்ந்தான். சவுக்குக் கம்பை நட்டுக் கயிற்றால் கட்டுகிற வேலை. அங்கே போல்ட் இல்லை, நட்டு இல்லை.

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் லூர்துமேரி அதிரசம் சுட்டு ஒரு தூக்கில் போட்டு, தெரிந்தவர் யாராவது திண்டிவனம் போனால் கொடுத்துவிடுவாள். தூக்கு கழுவித் திரும்பி வரும். காலியாக அனுப்பக் கூடாது என்பதற்காக அதில் ஒரு பிடி சர்க்கரை இருக்கும். தம்பி வந்ததில்லை. ஏழு வருஷம் அப்படியே போயிற்று.

அந்த ஏழு வருஷத்தில் மாசிலாமணி சும்மா இருந்தாரா? பிரான்சிஸ் போன மறு வருஷமே மலர்விழி என்கிற டாக்டரம்மா வீட்டுக்கு ஒரு டெக் போட்டார். இந்தத் தடவை நட்டை அவரே முறுக்கினார். தலையைப் பிடிக்கக் குமரேசன் என்று ஒரு நடுவயது ஆள். எப்படி முறுக்க வேண்டும் என்று ஊருக்குக் காட்டுகிறேன் பார் என்று, ஒவ்வொரு நட்டையும் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி அளவாக முறுக்கினார். டீக்கடையில் அதை ஆறு மாதம் சொன்னார்.

பிறகு ஃபெஞ்சல் புயல் வந்தது. இரண்டு நாள் மழை அடித்துத் தள்ளியது. விழுப்புரம் பக்கம் ஏரியும் ரோடும் ஒன்றாகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் டாக்டரம்மா போன் செய்தார். டெக் நிற்கிறதாம், ஆனால் நடந்தால் ஏதோ சொடுக்குப் போடுகிற மாதிரி சத்தமாம், ஒரு நடை வந்து பாருங்கள் மேஸ்திரி என்றார். நின்றது என்ற வார்த்தை மட்டும்தான் மாசிலாமணி காதில் விழுந்தது. வழியெல்லாம் பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டே போனார்.

டெக்குக்கு அடியில் முட்டி போட்டு நுழைந்து, கடல் பக்கத்துக் கால் மரத்தில் இருந்த போல்ட்டின் தலை மேல் ஸ்பானரை மாட்டினார். திருப்பக்கூட இல்லை, மாட்டினார். தலை கழன்று மணலில் விழுந்தது.

அடுத்ததை விரலால் தட்டினார். அதுவும் விழுந்தது. அதே பழுப்பு. அவர் கையாலேயே அளவாக முறுக்கியது. ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேலே டாக்டரம்மா, என்ன மேஸ்திரி, என்ன ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டார். பழக்கதோஷத்தில் அவர் கை இடுப்புக்குப் போய்க் காந்தத்தை எடுத்தது. வைத்துப் பார்த்தார்.

ஒட்டவில்லை. அன்றைக்கும் ஒட்டவில்லை, இன்றைக்கும் ஒட்டவில்லை. அது சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் அதனிடம் அவர் கேட்டதும் இல்லை.

டெக்கில் யாரும் ஏற வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, அந்தத் தலைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் விழுப்புரம் போனார். தெரிந்த ஊர்க் கடையில் கேட்க வாய் வரவில்லை. விழுப்புரத்தில் தென்னரசு என்பவர் போல்ட் மட்டுமே விற்கிற கடை வைத்திருந்தார். மாசிலாமணி தான் யார் என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் அவர் தன் பெயரைச் சொல்லாமல் ஒரு கடைக்குள் நின்றது அதுதான் முதல் தடவை.

தென்னரசு போல்ட்டின் தலையைத் துடைத்து, ஒரு சின்னப் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டு, பேட்டரியை ஒரு நிமிஷம் அதில் வைத்து எடுத்தார். சொட்டு செக்கச்செவேல் என்று ஆயிற்று.

"இது மட்டமான ஸ்டீல் பெரியவரே. கிரில்லு, கட்டிலு, வீட்டுக்குள்ள போடறது. உப்புக் காத்து பட்டா வெளியில ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ள விரிசல் வுட்டுக்கினே போய் ஒரு நாளு பட்டுனு போயிடும்."

காந்தம் ஒட்டவில்லையே என்று மாசிலாமணி கேட்டார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"காந்தம் இந்த மாதிரி ஸ்டீலு எதுக்கும் ஒட்டாது. மட்டத்துக்கும் ஒட்டாது, ஒசத்திக்கும் ஒட்டாது. கடக்கரைப் பக்கத்துல யாரோ காந்தத்த வெச்சி ஊரையே பேஜாரு பண்ணிக்கினு இருக்கறாராமே. வர்றவன்லாம் சாவிக்கொத்த எடுத்துக்கினு வர்றான்."

பிறகு உள்ளே போய் இன்னொரு போல்ட்டைக் கொண்டுவந்து, கடலுக்குப் போடுகிறது இது என்று காட்டினார். அதன் தலையில் ஏ நாலு என்று பொறித்திருந்தது. அந்தச் சொட்டு அதில் சிவக்கவில்லை.

மாசிலாமணி பேருந்து நிலையத்துக்கு வந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார்.

பந்தல் கம்பெனியின் கொட்டகை மேம்பாலத்தைத் தாண்டி இருந்தது. பிரான்சிஸ் தரையில் உட்கார்ந்து பழைய கயிறுகளைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. மாமாவைப் பார்த்ததும் எழுந்தான், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான், டீ சொன்னான். அக்காவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டான். மாசிலாமணிக்கு எண் ஞாபகம் வரவில்லை. குறைந்திருக்கிறது என்றார்.

வழியெல்லாம் என்னவெல்லாமோ யோசித்து வந்தவர் கடைசியில் பையிலிருந்த போல்ட் தலைகளை எடுத்து மச்சானின் கையில் வைத்தார். இது நான் முறுக்கியது என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

பிரான்சிஸ் அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். தலையில் எழுத்து இருக்கிறதா என்றுதான் பார்த்தான்.

"எனக்கு இது அன்னிக்கே தெரியும் மாமா. தெரிஞ்சவங்கிட்ட சொல்றதுக்கா பஸ் ஏறி வந்தீங்க?"

மாசிலாமணி, தப்பு என்னுடையது, திரும்பி வா, நாளைக்கே வேலை இருக்கிறது என்றார்.

"பதினாறு பேரு நின்னாங்க அங்க. அவங்க மின்னாடி சொன்னீங்க. அங்க போயி சொல்லுங்க. இங்க கயித்துக்கு மின்னாடி சொல்லி இன்னா ஆவும்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மாசிலாமணிக்குப் பதில் பேச வந்திருக்கும். டீ குடித்து முடித்து, போல்ட் தலைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்தார். பஸ் நிறுத்தம் வரை பிரான்சிஸ் கூட நடந்து வந்தான். பஸ் வந்ததும் ஏற்றிவிட்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சாலையோர டீக்கடையில் மேஸ்திரிகள் வழக்கம்போலக் கூடியிருந்தார்கள். மாசிலாமணி போய் பெஞ்சில் உட்காராமல் நின்றார். நெடுஞ்செழியன் வீட்டு டெக் விழுந்தது என் மச்சான் கையால் இல்லை, நான் வாங்கின போல்ட்டால் என்றார். பையிலிருந்து தென்னரசிடம் வாங்கி வந்த சின்னப் பாட்டிலையும் ஒரு பேட்டரியையும் எடுத்து, பெஞ்சின் மேலேயே போல்ட் தலையில் சொட்டு விட்டு, பேட்டரியை வைத்துக் காட்டினார். அது சிவந்தது. காந்தத்தை அவிழ்த்து அதன் பக்கத்தில் வைத்தார்.

ஆனந்தராஜ் என்கிற வயதான மேஸ்திரி, விடுங்க அண்ணே, மச்சானுக்காகப் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கிறீங்க, பெரிய மனசு என்று முடித்து வைக்கப் பார்த்தார். ரஞ்சித்துக்குத்தான் முகம் மாறியது. மாசிலாமணியைப் பார்த்துத் தொழிலுக்கு வந்தவன் அவன். சாவிக்கொத்தில் அவனுடைய காந்தம் ஆடிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, பன்னெண்டு டெக்கு போட்டிருக்கேன் உங்க காந்தத்த நம்பி. ஒரு ஒரு வீட்டுக்கும் போயி, நான் போட்டது மட்டம்னு சொல்லச் சொல்றீங்களா? மச்சான் கைதான்னு நீங்கதான சொன்னீங்க. அது அப்டியே இருந்துட்டுப் போவட்டும். அவருதான் திண்டிவனத்துல நல்லா இருக்காரே."

இரண்டு மூன்று தலைகள் ஆடின. மாசிலாமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நம்பாமல் இல்லை, எல்லாரும் நம்பிவிட்டார்கள். நம்பினதால்தான் வேண்டாம் என்கிறார்கள். பிரான்சிஸின் கை தப்பாக இருப்பது இத்தனை பேருக்குச் சௌகரியமாக இருக்கிறது. முதலில் அவருக்கே அப்படித்தானே இருந்தது? ஏழு வருஷம் அவர் ஊதி ஊதிப் பெரிதாக்கிய பேச்சு அது. இப்போது அவர் வாயாலேயே அதை அணைக்க முடியவில்லை.

அங்கிருந்து நெடுஞ்செழியன் வீட்டுக்குப் போனார். அவர் கேட்டை விட்டு உள்ளே கூப்பிடவில்லை. முழுதையும் நின்றபடியே கேட்டார்.

"என் மாமியார் கேட்டிருக்கணும் இத. போன சித்திரையில போயிட்டாங்க. கம்ப ஊனி நடக்கறப்பல்லாம் அந்தப் பிரான்சிஸத்தான் திட்டுவாங்க. கடைசி வரைக்கும் திட்டினாங்க."

மாசிலாமணி கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த அம்மாவிடம் இனி யார் போய்ச் சொல்வது.

வீட்டுக்கு வந்ததும் லூர்துமேரி கேட்டாள், சொன்னீங்களா என்று. சொன்னேன். கேட்டாங்களா? கேட்டாங்க, வேணாம்னுட்டாங்க. அவள் கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப கைல செஞ்சி காட்டுங்க. வாய்ப் பேச்சுதான் உங்களுக்கு வராததா?"

தானே புயலுக்குப் பிறகு அவர் ஸ்டீல் போல்ட் போட்ட டெக்குகள் பத்தொன்பது. மாசிலாமணி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினார். நான் போட்ட போல்ட் மட்டம், மாற்றித் தருகிறேன், நீங்கள் ஒன்றும் தர வேண்டாம், அன்றைக்குப் பிரான்சிஸ் சொன்னதைக் கேட்காதது என் தப்பு என்று ஒப்பிப்பார். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் எந்த வீட்டிலும் ஸ்பானரை எடுத்ததில்லை. சிலர் தலையாட்டினார்கள். பிரான்சிஸ் யார் என்று கேட்டவர்களும் உண்டு. நான்கு வீட்டுக்காரர்கள், நிற்கிற வரை நிற்கட்டும் என்று கேட்டையே திறக்கவில்லை. அவர்களிடம் மறு வாரமும் போய் நின்றார். இந்தப் பெரியவருக்குத் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காந்தக்கார மேஸ்திரி என்று யாரும் கூப்பிடுவதில்லை. காந்தம் வீட்டில் ஆணியில் தொங்குகிறது.

பத்து வீடு முடிந்திருந்தபோது பிரான்சிஸிடமிருந்து போன் வந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவை. அக்கா சொன்னாள் என்றான். எத்தனை ஆச்சு என்று கேட்டான். பத்து என்றார்.

"எதிர்ப் பக்கம் யாரு பிடிக்கறது?"

குமரேசன் என்றார். போனில் கம்பு இறக்குகிற ஓசை கேட்டது. முட்டி தாங்குகிறதா என்று பிரான்சிஸ் கேட்டான். எனக்கென்ன, இன்னும் நூறு டெக் போடுவேன் என்றார் மாசிலாமணி. பேசி முடிக்கும்போதே ஏன் அப்படிச் சொன்னோம் என்றிருந்தது. தாங்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவேளை வந்திருப்பான். பந்தலுக்கு நேரமாச்சு மாமா என்று பிரான்சிஸ் வைத்துவிட்டான்.

மறுநாள் பதினோராவது வீடு. காலை வெயில் பலகைச் சந்துகளின் வழியே கோடு கோடாக மணலில் விழுந்துகிடந்தது. மாசிலாமணி உத்தரத்தின் இந்தப் பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து, புதுப் போல்ட்டைத் தள்ளுவதற்கு முன் அதன் தலையைத் திருப்பி எழுத்தைப் பார்த்தார். இப்போதெல்லாம் பார்க்காமல் போடுவதில்லை. துளையில் விட்டார். அந்தப் பக்கம் போய் நட்டைப் பூட்டினார். குமரேசன் சுற்றி வந்து தலைப் பக்கம் உட்கார்ந்தான். நடுவில் மரம்.

முறுக்கத் தொடங்கினார். நான்கு சுற்று வரை ஒழுங்காக ஏறியது. ஐந்தாவதில் நட்டு இறுகாமல் சுற்றியது.

"பிடி மச்சான்."

மரத்துக்கு அந்தப் பக்கம் குமரேசன் தன்னைத்தான் சொல்கிறார் என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தான். மாசிலாமணி இன்னொரு தடவை முறுக்கினார். அங்கே பிடியில்லாத போல்ட் நட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது.